நெற்றியும் நிறமும்

பாலாறும் வேகவதியும் வளம் செய்த நாட்டிலே, பல்லவர் தலைநகராய்ப் பொலிந்த காஞ்சிபுரம் இரண்டு செல்வங்களால் இன்றும் புகழ் பெற்று விளங்குகின்றது. ஒன்று கோயில், மற்றொன்று தறி. பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மையும், சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாளும் கோயில் கொண்டுள்ளனர். பிள்ளையார்பாளையம் முதலாய பகுதிகளிலோ, பொழுது புலரும் முன்பே தறியின் ஒலி கேட்கும். கோயிலும் தறியும் வேறு வேறு உலகங்கள் போலத் தோன்றினும், அவை ஒன்றிலே கூடுகின்றன. அதுதான் நிறம். அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் பட்டிலே பளிச்சிடுகின்றன. இசைவாணி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரைத் தாங்கிய நீலமொன்றும் இவ்வூர்ப் பட்டுக்கு உண்டு. கோயில் வீதியிலே, கடைதோறும் கூம்பு கூம்பாய்க் குவித்த குங்குமம் காண்பார் கண்ணைக் கவர்கின்றது.

பட்டிலே ஏறும் நிறத்தைப் பற்றி இவ்வூரார் அறியாதது இல்லை. எந்தச் சாயம் வெயிலுக்கு வெளுக்கும், எது நீர்பட்டால் ஓடும் என்பதைச் சாயம் தோய்ப்பவர் விரல் நுனியில் வைத்திருப்பர். நெற்றியிலே இடும் நிறத்தைப் பற்றி அத்துணை ஆராய்ச்சி செய்வார் அரியர். விலை கொடுத்து வாங்கும் சேலையை விளக்கொளியிலும் வெயிலிலும் விரித்துப் பார்க்கும் மங்கை, உடலில் ஒட்டி நாள் முழுதும் நிற்கும் பொட்டினை உற்றுப் பாராமலே இட்டுக் கொள்கிறாள். குங்குமம் மங்கலப் பொருள் அன்றோ? மங்கலப் பொருளை ஐயுறுவார் யார்?

குங்குமம் என்று பண்டு வழங்கியது யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அது மஞ்சளிலிருந்து பிறந்த சிவப்பு. மஞ்சட் கிழங்கை எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்து, வெங்காரமும் படிகாரமும் சேர்த்து, நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் செந்நிறத் தூள் கிடைக்கும். மஞ்சள் எவ்வாறு சிவந்தது என்று வியப்பவர், மணவீட்டு வாயிலில் சுற்றிக் கொட்டும் ஆலத்தி நீரை நினைத்துப் பார்க்கலாம். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்த அளவிலே அது குருதி நிறம் கொள்ளுகின்றது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தோடு கூடியவுடன் சிவக்கும் இயல்பினது. வெங்காரத்தோடும் புளிப்போடும் கூடி வேறொரு வகையாலும் அது சிவக்கும். வீட்டிலே குங்குமம் செய்த பாட்டிமார் இவ்வேதியியலைப் பெயரறியாமலே கையாண்டனர். அவ்வாறு செய்த குங்குமம் மிகுந்த ஒளி உடையது அன்று. சற்றே கருஞ்சிவப்பாய் இருக்கும். நாள் செல்லச் செல்ல மங்கும். செய்வதற்கு உழைப்பும் பொறுமையும் வேண்டும்.

இனி, கடலுக்கு அப்பால் நிகழ்ந்த செய்தி ஒன்றைக் காண்போம். 1856ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலைக்காய்ச்சலைத் தீர்க்கும் கொய்னா மருந்தைச் செயற்கையாய் ஆக்கிவிட முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு அவர் செய்த சோதனையில் மருந்து கிடைக்கவில்லை. குடுவையைக் கழுவப் புகுந்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. அதில் அவர் பட்டுத் துணியைத் தோய்த்துப் பார்த்தார். நிறம் பட்டைப் பற்றிக் கொண்டது. அன்று தொடங்கியது செயற்கைச் சாயத்தின் ஆட்சி. அவுரியும் அரக்கும் ஆண்ட அரியணையில் தார்ச் சாயங்கள் ஏறின. காஞ்சிப் பட்டும் காலப்போக்கில் அவற்றையே ஏற்றது. அதில் தவறு காண்பதற்கு இல்லை. நிறம் மலிந்தது, வகை பெருகியது, நெசவாளர் பிழைப்பும் நடந்தது.

ஆனால் அச்சாயம் பட்டோடு நின்றுவிடவில்லை. மாவிலும் சுண்ணப் பொடியிலும் சிறிது சாயத்தைக் கலந்து, மினுமினுப்புக்கு எண்ணெயும், ஒட்டுவதற்குப் பிசினும், மணத்திற்கு வாசனைத் தைலமும் சேர்த்தால், ஒரு நாளில் ஒரு மூட்டை குங்குமம் ஆயத்தமாகும். அது வீட்டுக் குங்குமத்தைவிடச் சிவப்பாய் இருக்கும், மங்காது, விலையும் குறைவு. மக்கள் அதனையே நாடினர். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. பெயர் மாறாமையால், பழைய பொருளின்மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அனைத்தும் கைப்படாத வைப்பு நிதி போலப் புதிய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

பட்டின் இயல்பை அறிந்தவர்க்கு இதன் இடர் எளிதில் விளங்கும். பருத்தி மரஞ்செடி தந்த நார். பட்டோ புழுவின் உடலில் ஊறிய புரதம். சில சாயங்கள் பட்டைப் பற்றிப் பிடிப்பது, அப்புரதத்தோடு அவை பிணைந்து கொள்வதனாலேயே ஆகும். மனிதனின் தோலும் முடியும் புரதத்தால் ஆயவை. பட்டுக்கு ஆகும் சாயம் எல்லாம் தோலுக்குத் தீது என்பது இதன் கருத்தன்று. உணவில் சேர்க்கத்தக்க சாயங்களும் உள. ஆயினும், நூலுக்கென ஆக்கிய சாயம் நெற்றிக்கு ஏறும்போது, அது தோலோடு என்ன உறவு கொள்ளும் என்பதை எவரேனும் கேட்டிருத்தல் வேண்டும். நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை.

கேட்காமைக்குக் காரணம் உண்டு. இத்தீங்கு இடி போல வருவதன்று. துரு போல வருவது. புதுக் குங்குமத்தை இட்ட அன்று ஒன்றும் நேராது. திங்கள் பல கழியும், ஆண்டுகளும் கழியலாம். ஒரு நாள் நெற்றி சற்றே தினவெடுக்கும். வெயிலின் கொடுமை என்று எண்ணி விட்டுவிடுவாள். பின்பு பொட்டிட்ட இடத்தில் சாம்பல் படர்ந்தது போன்ற கருமை தோன்றும். பொடி சிந்தும் மூக்குத் தண்டிலும், வகிட்டிலே குங்குமம் வைப்பவர்க்குத் தலைவகிட்டிலும் அந்நிறம் பரவும். சிலர்க்குத் தினவும் சிவப்புமின்றிக் கருமை மட்டுமே வருதலும் உண்டு. அதனை மறைப்பதற்கு அவள் முன்னினும் பெரிய பொட்டாக இடுவாள். பெரிய பொட்டு பெரிய கருமையைத் தரும். நோய்க்கு மருந்தென்று நோயையே அப்பிக் கொள்ளும் இந்நிலை இரங்கத்தக்கது.

"அம்மன் குங்குமம் தீங்கு செய்யுமோ?" என்று வீட்டிலுள்ள முதியோர் வினவுவர். அவ்வினாவிலே பக்தி உண்டு. பிழை ஒன்றும் உண்டு. அருள் அம்மனுடையது, சாயம் ஆலையினுடையது. கோயில் நகரங்கள் அனைத்திலும் பூசைக்கென்று மலிவாக விற்கும் பொடி ஒன்றும், நெற்றிக்கென்று விற்கும் பொடி ஒன்றும் கடைகளில் உள. முன்னது கல்லிலும் செம்பிலும் தூவுவதற்கென வாங்கப்படுவது. கல்லுக்கு ஒவ்வாமை இல்லை. அப்பொடியே அருச்சனை முடிந்ததும் பிரசாதமாய்க் கைக்கு வந்து, கையிலிருந்து நெற்றிக்கு ஏறுகின்றது.

கருமையின் காரணத்தை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு, மூன்று நாடுகளைக் கடந்து வந்தது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், 1917ஆம் ஆண்டில், வியன்னா நகரத்துத் தோல் மருத்துவர் ரீல் என்பார், முகத்தில் பழுப்பும் கருமையும் படர்ந்த நோயாளர் பலரைக் கண்டு எழுதினார். போர்க்காலத்து உணவின் குறையே காரணம் என்று கருதப்பட்டது. உண்மை வெளிப்படவில்லை. பின்னர், 1960களிலும் 1970களிலும், ஜப்பான் நாட்டு மகளிர் பலரின் முகம் அவ்வாறே கருகியது. முகப்பூச்சுகளை நாள்தோறும் பயன்படுத்தியவர் அவர். கருமையை மறைக்க அவர்களும் மேன்மேலும் பூசினர் என்பது நோக்கத்தக்கது. அந்நாட்டு மருத்துவர்கள் பூச்சிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துத் தோலில் வைத்துச் சோதித்தனர். 'பிரில்லியன்ட் லேக் ரெட் ஆர்' என்னும் செஞ்சாயமும், அதில் மாசாகக் கலந்திருந்த 'சூடான்-1' என்னும் சாயமும் பலர்க்குத் தீங்கு செய்தமை 1970களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. நிறுவனங்கள் அத்தகைய பொருள்களை விலக்கத் தொடங்கின. புதிய நோயாளரின் தொகை குறைந்தது.

மூன்றாவது நாடு சிங்கப்பூர். அங்கு வாழும் இந்திய மகளிர் சிலரின் நெற்றிக் கருமையை, கோ என்னும் சிங்கப்பூர்த் தோல் மருத்துவரும், கோஸூகா என்னும் ஜப்பானிய மருத்துவரும் ஆராய்ந்து 1986ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஜப்பான் முகங்களைக் கருக்கிய அதே செஞ்சாயமும் சூடான்-1 சாயமும் குங்குமத்தால் கருகிய நெற்றிகளுக்கும் காரணமாய் நின்றன. ஒசாகாவில் பிடிபட்ட கள்வன் வேறு உடை உடுத்து நம்மவர் நெற்றியில் குடியிருந்தான் என்னலாம். அதன்பின் 2007ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே அண்மையிலுள்ள புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்கள், குங்குமத்தால் தோல் அழற்சி உற்ற 46 பேரை ஆய்ந்து எழுதினர். தென்னாட்டில் ஒப்பனைப் பொருள்களால் நேரும் தோல் நோய்களுள் குங்குமத்தின் பங்கு பெரிது என்பது அவர்தம் ஆராய்ச்சியால் புலனாயிற்று.

இக்கருமை எவ்வாறு உண்டாகின்றது? சாயத்தின் நுண்கூறுகள் மிகச் சிறியவை; ஆதலின் மேற்றோலை ஊடுருவி உட்புகுந்து, ஆங்குள்ள புரதத்தோடு பிணைகின்றன. உடலின் காவற்படை அக்கூட்டுப் பொருளை அயலானாகக் கருதி அடையாளம் வைத்துக் கொள்ளும். இதற்கு நாள் பல ஆகும். இக்காலத்தே வெளியில் அறிகுறி ஒன்றும் இராது. அடையாளம் வைத்த பின்னர், அப்பொருள் எள்ளளவு பட்டாலும், ஒன்றிரண்டு நாளில் அவ்விடத்தே போர் மூளும். இதுவே ஒவ்வாமை. எரிச்சல் என்பது வேறு. கடுங்காரம் பட்டால் எவர் தோலும் எரியும். ஒவ்வாமையோ ஒருவர்க்கு வரும், உடன்பிறந்தார்க்கு வாராது. "ஒரே சிமிழில் இருந்துதான் மூவரும் இடுகிறோம், உனக்கு மட்டும் ஏன்?" என்னும் கேள்வி வீடுதோறும் எழுவது இதனை அறியாமையால் ஆகும். போர் மெல்லிதாய், ஆனால் இடைவிடாமல் நடக்குமானால், தோலுக்கு நிறம் தரும் கருநிறத் துகள்கள் மேற்றோலிலிருந்து நழுவி அடித்தோலில் விழுந்துவிடும். வீழ்ந்த நிறம் எளிதில் மேலே வாராது. சோப்பும் எலுமிச்சையும் கொண்டு தேய்த்துப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

காரணப் பொருளை ஐயமறக் காண்பதற்கு ஒட்டுச் சோதனை என்னும் முறை உண்டு. யாடசோன் என்னும் மருத்துவர் 1895ஆம் ஆண்டில் அதனை அறிமுகம் செய்தார். ஐயுற்ற பொருள்களைச் சிறு தட்டுகளில் இட்டு முதுகிலே ஒட்டி, இரண்டு நாள் வைத்திருந்து எடுப்பர். எடுத்த அன்றும், மேலும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் பார்ப்பர். எப்பொருள் பட்ட இடம் சிவந்து தடித்துள்ளதோ, அதுவே பகை. மருத்துவரிடம் செல்லும்போது, தாம் இடும் குங்குமத்தையும் பொட்டையும் பூச்சையும் தவறாது உடன் கொண்டு செல்லுதல் நன்று. பலர் நோயைக் கொண்டு செல்வர். நோயின் மூலத்தை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்வர்.

குங்குமத்தை விட்டு ஒட்டுப்பொட்டுக்கு மாறினால் துன்பம் தீரும் என்று எண்ணுவார் பலர். ஸ்டிக்கர் பொட்டு எனப்படும் அதில் சாயம் தோலில் படுவதில்லை, உண்மைதான். ஆனால் பசை படுகின்றது. அப்பசைகள் சிலவற்றில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்பீனால் என்னும் பொருள் உண்டு. அது சிலர் தோலில் நிறம் தரும் உயிரணுக்களையே அழித்துவிடும். அப்போது தோன்றுவது கருமையன்று, வெண்மை. பொட்டின் வட்டம் எவ்வளவோ, அவ்வளவே வெள்ளை வட்டம் நெற்றி நடுவே தோன்றும். இத்தகைய பொருள்களின் தன்மை முதன்முதல் வெளிப்பட்டது அமெரிக்க நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் ஆகும். 1939ஆம் ஆண்டில், இரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்த தொழிலாளரின் கைகள் வெளுத்தன. கையுறையில் சேர்த்த, பீனால் இனத்தைச் சார்ந்த வேதிப்பொருளே காரணம் என்று கண்டனர். கையுறை செய்த அதே கொடுமையைச் சிறு பொட்டும் செய்ய வல்லது.

வெண்மை கருமையினும் கொடிது. தோலுக்கு அன்று, வாழ்வுக்கு. இதற்கு முன்னோர் வெண்குட்டம் என்று பெயரிட்டு விட்டனர். அப்பெயரைக் கேட்ட அளவிலே பலர் தொழுநோயோடு தொடர்புபடுத்தி அஞ்சினர். இன்றும் அஞ்சுவார் உளர். இது தொழுநோய் அன்று, தொற்றுவதும் அன்று, ஆதலின் வெண்புள்ளி என்றே இக்காலத்தில் வழங்குகின்றனர். ஆயினும் மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் இவ்விளக்கம் எடுபடுவதில்லை. ஒரு பொட்டின் பசை ஒரு பெண்ணின் திருமணத்தையே நிறுத்திவிடக்கூடும். பொட்டை உடனே விட்டவர்க்குப் பெரும்பாலும் வெண்மை பரவாது நிற்கும், சிலர்க்கு நிறம் மெல்ல மீளும், சிலர்க்கு மீளாது, சிலர்க்குப் பிற இடங்களிலும் பரவும். ஆதலின் முதற்கண் தோன்றும் மங்கிய வெள்ளை அளவிலேயே விழித்துக் கொள்ளுதல் வேண்டும்.

ஆடவர்க்கு இத்துன்பம் இல்லை என்று கருதற்க. நரை மறைக்கும் மையில் பாரா-பினைலீன்டையமின் என்னும் பொருள் பெரும்பாலும் சேர்கின்றது. அது ஒவ்வாதவர்க்கு முகம் வீங்கும், கண்ணிமை மூடும், தலைத்தோல் நீர் வடியும். மருதாணி கறுப்பாகப் பிடிப்பதற்கென்று அதே பொருளைக் கலப்பாரும் உளர். இயற்கை மருதாணி செம்மண் நிறமே தரும். சில நாழிகையில் கன்னங்கரேல் எனப் பிடிப்பது மருதாணி அன்று என்று அறியலாம். இப்பொருளின் கொடுமை ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிற்று. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் 'லாஷ் லூர்' என்னும் இமைச் சாயம் விற்பனையாயிற்று. அதைத் தீட்டிக்கொண்ட மகளிர் சிலரின் கண்கள் புண்பட்டன. பார்வை இழந்தாரும் உளர். உயிர் நீத்தாரும் உண்டு. அரசு என்ன செய்தது? ஒன்றும் செய்ய இயலவில்லை. 1906ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது; ஒப்பனைப் பொருள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஐந்தாண்டு கழிந்து, 1938இல் புதிய சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி முதன்முதல் பறிமுதல் செய்யப்பட்ட பொருள் அந்த இமைச் சாயமே ஆகும்.

இந்திய நாட்டிலும் வழி அவ்வாறே அமைந்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் ஒப்பனைப் பொருள்கள் இடம் பெற்றது 1962ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான். இப்போது 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் நடைமுறையில் உள. நிறத்திற்கென்று ஈயச் சேர்மங்களையும் பாடாணச் சேர்மங்களையும் கலத்தல் கூடாது. எந்தச் சாயங்களைச் சேர்க்கலாம் என்பதற்கு இந்தியத் தரநிலை அமைவனத்தின் பட்டியல் ஒன்று உண்டு. குங்குமத் தூளுக்கெனவே தனித் தரநிலையும் வகுத்துள்ளனர். தலைமுடிச் சாயத்தின் உறையில், முதலில் சோதித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துக என்றும், இமைக்கும் புருவத்திற்கும் தீட்டினால் பார்வை போதலும் கூடும் என்றும் எச்சரிக்கை அச்சிடுதல் வேண்டும். அச்சோதனை அரிதன்று: காதின் பின்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதே ஆகும். பொறுப்பவர் சிலரே. திருமணத்திற்குப் புறப்படும் நேரத்தில்தான் பலர்க்கு நரை நினைவுக்கு வருகின்றது.

முகத்தை வெளுப்பிக்கும் பூச்சுகளைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. அவற்றுள் சிலவற்றில் பாதரசம் உண்டு. பாதரசம் தோலோடு நில்லாது சிறுநீரகத்தையும் தாக்கும். கேரள நாட்டு மலப்புறம் மாவட்டத்தில், 2021 முதல் 2023 வரையில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை வினவிய மருத்துவர்கள், அவர்களுட் பலர் இத்தகைய பூச்சைப் பயன்படுத்தியமையை அறிந்தனர். கண்ணுக்கு இடுவன நீங்கலாக மற்ற ஒப்பனைப் பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மிகுதல் கூடாது என்பது இந்திய விதி. கருநிறத்தை இழிவென்று கற்பித்தவர் விற்கும் பண்டம் இது என்பதையும் மறத்தல் ஆகாது.

இயற்கைப் பொருள் எல்லாம் தீங்கற்றது என்று முடிவு கட்டுதலும் பிழையாகும். மஞ்சளே ஒவ்வாதாரும் சிலர் உளர். சேங்கொட்டையின் சாறு மரத்திலிருந்து வந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது இந்நாட்டுக்கு வந்த அயல்நாட்டுப் படைவீரர் பலர், சலவைத் தொழிலாளர் துணியில் இட்ட சேங்கொட்டைக் குறியால் தோல் புண்பட்டு வருந்தினர்.

சட்டம் உள்ளது; தரநிலை உள்ளது. ஆனால் கோயில் வீதியில் கூம்பாய்க் குவித்த குங்குமத்தில் எந்தச் சட்டத்தை ஒட்டுவது? உறையிட்ட பொருளில் செய்தவர் பெயரும் முகவரியும், தொகுதி எண்ணும், சேர்பொருள்களின் பட்டியலும் இருத்தல் வேண்டும். இருந்தால், தீங்கு நேர்ந்தபோது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். அளந்து காகிதத்தில் மடித்துத் தரும் பொடிக்கோ பெயரும் இல்லை, பெற்றோரும் இல்லை. வாங்கியவள் கடையைக் காட்டுவாள். கடைக்காரர் மொத்த வணிகரைக் காட்டுவார். அவர் மூட்டையைக் காட்டுவார். மூட்டையில் எழுத்து இராது. சாயத்திற்கு உரியவர் எவரும் முன்வாராமையால், கருமைக்கு உரியவள் அவள் ஒருத்தியே ஆகின்றாள். உறையிட்ட குங்குமம் எல்லாம் தூயது என்று உறுதி கூற இயலாது. ஆனால் கேட்பதற்கு ஒரு முகவரியேனும் அதில் உண்டு.

மருத்துவர், "குங்குமத்தை விடுக" என்று எளிதில் எழுதிவிடலாம். மணமான பெண்ணுக்கு அது எளிதன்று. வெறும் நெற்றியோடு தெருவில் இறங்கினால் அண்டை வீட்டார் திடுக்கிடுவர். மாமியார் மனம் கலங்குவார். கணவனை இழந்தாள் நெற்றியினின்று குங்குமத்தைப் பறித்த பழைய வழக்கம் கொடியது; அவ்வழக்கின் நிழல் கணவனோடு வாழ்பவளையும் நோயுற்ற நெற்றியில் பொட்டிட வைக்கின்றது. மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிட்டு அவள் மீண்டும் சிமிழைத் திறப்பது அறியாமையால் மட்டும் அன்று. ஆதலின் அறிந்த மருத்துவர் அவளை மட்டும் அழைத்துப் பேசுவதில்லை. கணவனையும் மாமியாரையும் உடன் வைத்தே பேசுவர்.

சந்தனம் ஒத்துக்கொள்வார் சந்தனம் இடலாம். வீட்டில் செய்த மஞ்சட் குங்குமத்தை, முழங்கையின் உட்புறத்தில் நாள்தோறும் இருமுறை ஒரு வாரம் தடவிப் பார்த்து, தினவும் சிவப்பும் இன்றேல் நெற்றிக்கு ஏற்றலாம்; அழற்சி தணியும் வரையில் அதனையும் தவிர்த்தல் நன்று. சாயத்தை விட்ட சில வாரங்களில் தினவு அடங்கிவிடும். கருமை அவ்வாறன்று. அடித்தோலில் வீழ்ந்த நிறம் கரைவதற்குத் திங்கள் பல ஆகும். சிலர்க்கு ஆண்டும் கடக்கும். அதற்குள், "விட்டும் போகவில்லையே, அப்படியானால் காரணம் குங்குமம் அன்று" என்று எண்ணிப் பழைய சிமிழுக்கே மீள்பவர் மிகப் பலர்.